நான் பறித்த பாத்திரம்

படம் வந்து சேர்ந்தது. நன்றி சொல்ல மனம் வரவில்லை.

சபையின் ஆண்டு நிறைவு மலருக்கு இனிமையான சிறுபிராய நினைவு ஒன்று வேண்டும், இரண்டு பக்கத்துக்குள் முடியட்டும், கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இந்தப் படம். ஞாயிறு பாடசாலையில் ஒரே வாங்குப் பலகையைத் தேய்த்தவர்கள் நாங்கள். இப்போது உங்களில் ஒருவருக்கு முழங்கால் மாற்றியாகிவிட்டது. இன்னொருவர் பேரப்பிள்ளையின் படத்தைத் தவிர வேறெதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. எனக்கும் மாத்திரைப் பெட்டி வந்துவிட்டது. இந்த வயதில் என்னிடம் வந்து இனிமை கேட்டால் நான் எங்கே போவேன்?

படத்தில் நான் பதினொரு வயது ஆயர். உடம்பில் அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பு, தோளில் ஊதா நிறத் திரைச்சீலை, தலையில் பொன்தாள் ஒட்டிய கூர்த்தொப்பி. என் வலது கையில் வெள்ளிப் பாத்திரம். எதிரே கதிரையில் மண்ணிறக் கோட்டுப் போட்ட ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி இருக்கிறார். அவருக்குப் பின்னால் முழுச் சபையும் கைதட்டிச் சிரிக்கிறது. உங்களில் நால்வரை அந்தக் கூட்டத்தில் என்னால் அடையாளம் காண முடிகிறது. படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது: ‘சீர்திருத்தத் திருநாள் நாடகம். சபையோரையும் நடிப்புக்குள் இழுத்துவிட்ட குட்டி ஆயர்!’

அந்த ஆச்சரியக்குறியைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகவே எழுதுகிறேன். இரண்டு பக்கம் போதாது.

தொலைக்காட்சியில் ஓர் எலும்புக்கூடு பந்தை உருட்டி மனிதர்களை வரிசையாக விழுத்தும் விளம்பரம் போட்ட வருடம் அது. புதிதாக வந்த, தொற்றுகிற, மருந்தில்லாத நோயைப் பற்றிய எச்சரிக்கை. நாங்கள் இரவில் கழிப்பறைக்குப் போகப் பயந்தோமே, அந்த வருடம். அதன் பனிக்காலமும் பின்னால் வந்த இளவேனிலும்தான் நான் சொல்லவந்த காலம்.

அப்போது எங்களுக்குச் சொந்தமாகக் கோயில் இல்லை. சிட்னியில், பென்டில் ஹில்லில் வெள்ளைக்காரச் சபை ஒன்றின் மண்டபத்தை ஞாயிறு பிற்பகல் இரண்டு மணியிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். உள்ளே போனதும் அவர்களுடைய மெழுகு மணம் அடிக்கும், பழைய பாட்டுப் புத்தகத்தின் பூஞ்சண மணமும். அரை மணித்தியாலத்தில் எங்கள் அன்ரிமாரின் மீன் ரோல்ஸ் அதை விரட்டிவிடும். சுடுதண்ணீர்க் கலன் மூலையில் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும், ஜெபத்தின்போதுகூட. வசந்தம் வந்தால் முற்றத்து மரத்திலிருந்து மக்பை குருவிகள் தலையைக் கொத்த வரும் என்று ஐஸ்கிரீம் வாளியில் கண் கீறித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினோம். இது இனிமைதான். இதை வேண்டுமானால் மலரில் போடுங்கள்.

எங்கள் அப்பா சபையின் செயலாளர். ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கினார். கிழமையில் ஆறு நாள் குனிந்து திரிந்த மனிதர் ஞாயிறு இரண்டு மணிக்கு நிமிர்ந்துவிடுவார். ஒக்டோபர் வந்தால் அவரைப் பிடிக்கவே முடியாது. ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் முழுக்க, ஆராதனை முடிந்து தேத்தண்ணீர் ஊற்றுவதற்கு முன், ஆதிச் சீர்திருத்தக்காரர்களின் கதையைச் சொல்லுவார். அவர்களுடைய பெயர்கள் உங்களுக்குத் தெரியும். இதில் நான் ஒருவர் பெயரையும் எழுதப்போவதில்லை, அவர்களுடையதையும் சேர்த்து.

முதல் ஞாயிறு ஜெர்மன் துறவி. இடிமின்னலுக்குப் பயந்து துறவியாகப் போன இளைஞன். குளிரில் போர்வையில்லாமல் படுத்தும், பட்டினி கிடந்தும், மணிக்கணக்காகப் பாவத்தை அறிக்கை செய்தும் மனம் ஆறாமல் இருந்தவன், ஒருநாள் வேதத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது இரட்சிப்பு உழைத்து வாங்குகிற கூலி அல்ல, சும்மா தரப்படுகிறது என்று கண்டுகொண்டான். பிறகு கோயில் கதவில் கடுதாசி அடித்தது, பேரரசனுக்கு முன்னால் நின்று என் மனச்சாட்சியை மீற முடியாது என்று மறுத்தது. அந்த இடத்தில் அப்பா தன் நெஞ்சில் அடித்துக்கொள்ளுவார். டையில் குத்திய ஊசி ஒருமுறை கழன்று முன்வரிசையில் விழுந்தது ஞாபகமா?

இரண்டாம் ஞாயிறு இங்கிலாந்துக்காரர். கலப்பை பிடிக்கிறவனும் தன் சொந்தப் பாஷையில் வேதம் வாசிக்க வேண்டும் என்று மொழிபெயர்த்து, துணிப் பொதிக்குள் மறைத்துக் கடல் தாண்டி அனுப்பியவர். கழுத்தை நெரித்துப் பிறகு எரித்தார்கள். மூன்றாம் ஞாயிறுதான் அப்பாவுக்கு ஆக விருப்பமானது. துறவிக்கும் நூறு வருடத்துக்கு முந்திய, பொகீமியா நாட்டுப் போதகர். அந்தக் காலத்தில் திருவிருந்தில் சனங்களுக்கு அப்பம் மட்டும்தான். திராட்சரசப் பாத்திரம் குருமாருக்கே. இந்தப் போதகரின் ஆட்கள் பாத்திரத்தை எல்லாருக்கும் கொடுத்தார்கள். இவரும் சிறையிலிருந்தபடி அது சரி என்று எழுதினார். ஒரு தீங்கும் வராது என்று அரசன் கொடுத்த வாக்கை நம்பிப் போனவரைப் பிடித்து அடைத்து, ஆயர்கள் சூழ நின்று அங்கியை உரிந்து, கையிலிருந்த பாத்திரத்தைப் பறித்து, பிசாசு கீறிய கடுதாசித் தொப்பி போட்டு எரித்தார்கள். சாம்பலையும் ஆற்றில் கொட்டினார்கள். பிறகு அவருடைய சனங்கள் கொடியில் பாத்திரத்தைக் கீறிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள்.

“குருவுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே பாத்திரம்!” என்பார் அப்பா. “இதுக்குத்தான் அந்த மனுசன் எரிஞ்சது. மறந்திடாதேங்கோ பிள்ளையள்.”

அவர் கண் கலங்கும். நடிப்பு இல்லை. என் அப்பா அதை உண்மையாகவே நம்பினார். எனக்கு ஆகக் கூடுதலான கோபம் இதில்தான். பொய்யராக இருந்திருந்தால் எப்போதோ விட்டுத் தொலைத்திருப்பேன்.

எங்களுக்கும் அப்படி ஒரு பாத்திரம் இருந்தது. ஊர்க் கோயிலில் இரண்டு இருந்ததில் ஒன்றை, கலவரத்துக்குப் பிறகு நாங்கள் புறப்பட்டபோது அந்த ஊர்ப் போதகர் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அதைப் பருத்திச் சேலையில் சுற்றி, மடியில் வைத்தபடியே சிட்னி வரை கொண்டுவந்தார். விளிம்பில் ஒரு நெளிவு. விமான நிலையத்தில் சோதித்தவன் தட்டென்று வைத்ததால் வந்தது என்று அம்மா சொல்லுவார். மாதத்தின் முதல் ஞாயிறு பெரியவர்கள் வரிசை வரிசையாகப் போய் முழங்காலில் நிற்க, போதகர் அதை ஒவ்வொரு வாயாகக் கொண்டுபோவார். திடப்படுத்தல் சடங்கு ஆகாத பிள்ளைகளான எங்களுக்குக் கிடையாது. பெரியவர்கள் திரும்பி வந்து பக்கத்தில் இருக்கும்போது மூச்சில் ஒரு இனிப்பு வாசம் வரும். அதுதான் எங்கள் பங்கு.

ஜூலையில் அவள் வந்தாள். என் வயது. தகப்பனும் மகளும் பிளாக்டவுனிலிருந்து ரெயினில் வருவார்கள். தாய் இன்னும் சென்னையில் விசாப் பேப்பருக்காகக் காத்திருந்தார். அவளுடைய ஸ்வெட்டரில் வேறொரு பள்ளிக்கூடத்தின் சின்னத்தைப் பிரித்தெடுத்த நூல் தடம் இருந்தது. தகப்பனுக்கு ரெயின் பெட்டி கழுவுகிற வேலை. தோளில் நிற்காத ஒரு மண்ணிறக் கோட்டு. நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் இருந்துவிடுவார்கள். அவள் தமிழ் வாசிப்பாள், தண்ணீர் பட்ட பாடாக. நாங்கள் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்த கூட்டம். இரண்டே ஞாயிறில் அவள் என் சிநேகிதி ஆகிவிட்டாள். ரோல்ஸின் கருகிய நுனி எனக்குப் பிடிக்கும் என்று பிய்த்துத் தருவாள்.

ஓகஸ்ட் முதல் ஞாயிறு. முன்வரிசை என்பதால் அவளுடைய தகப்பன்தான் முதலாவதாக முழங்காலில் நின்றார். பாத்திரம் முதலில் அவரிடம் வந்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிடித்தபடியே தோள் குலுங்க அழுதார். போதகர் பொறுத்து நின்றார். பின்வரிசைக் கதிரைகள் கிரீச்சிட்டன.

அடுத்த சனிக்கிழமை கொமிற்றிக்காரர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் குசினி வாசலில் நின்றேன்.

“முதல் ஆளாப் போய் நிண்டிட்டார் என்ன,” என்றார் ஒரு அங்கிள்.

“ஊரில எவடமாம்?” இன்னொருவர்.

“கேட்டால் மழுப்புறார்.”

அம்மா சோறு போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். “பிள்ளைதானே அவளோட கூட்டு. இவளைக் கேட்கச் சொல்லுவம்.”

அப்பா வேண்டாம் என்று சொல்லுவார் என்று இப்போதும் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்க்கும்போது எதிர்பார்க்கிறேன். அவர் சொல்லவில்லை. “சும்மா கதையோட கதையாக் கேள் பிள்ளை. வீடு எவடம், கோயிலில எங்க இருக்கிறவை. அவ்வளவுதான்,” என்றார். பெரியவர்கள் என்னிடம் ஒரு வேலை தந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. பதினொரு வயதுப் பிள்ளையை ஒற்றனாக அனுப்புகிறோம் என்று அந்த மேசையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் ரோல்ஸ் உள்ளே போயிருக்கும்.

ஞாயிறு கேட்டேன். கதையோடு கதையாக. ஐஸ்கிரீம் வாளியைக் கழற்றிவிட்டு மரத்தடியில் இருந்தோம். அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவும் இல்லை.

“எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய கிணறு இருக்கு. ஆனா நாங்கள் அதில அள்ளுறேல்ல. ஆரும் வந்து ஊத்தி விடுவினம்.”

“வை? ஏன்?”

“தெரியாது. கோயிலிலயும் எங்கட ஆக்கள் பின்வாங்கிலதான் இருப்பினம். பாத்திரம் கடைசியாத்தான் வரும். அப்பா சொன்னவர், சில நேரம் வரேக்க ஒண்டும் இராதாம். மணம் மட்டும்தானாம். அதுதான் அண்டைக்கு அழுதவர். இஞ்ச முதல்ல குடிச்சிட்டன் எண்டு வீட்டை போயும் சொல்லிச் சொல்லி அழுதவர்.”

எனக்கு நெஞ்சு கொதித்தது. இதைக் கேட்டால் அப்பா மேசையில் அடித்து எழும்புவார் என்று நிச்சயமாக நினைத்தேன். பொகீமியப் போதகரின் கதையை எத்தனை ஒக்டோபர் கேட்டவள் நான்! காரில் ஏறியதும் மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். “பாவம் அப்பா. அவைக்கு ஊரில கடைசியாத்தான் குடுத்தவையாம். கிணத்தில அள்ளவும் விடுறேல்லையாம்.”

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி “ம்” என்றார். அம்மா யன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

சாதி. நான் சொல்லிவிடுகிறேன். அந்த மண்டபத்தில் ஒருவரும் ஒருபோதும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லா வேலையும் நடந்தது.

செப்டெம்பரில் கொமிற்றி மறுபடியும் எங்கள் வீட்டில் கூடியது. இந்த முறை பேச்சு சுகாதாரம். எலும்புக்கூட்டு விளம்பரம் வசதியாகக் கைக்கு அகப்பட்டது. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பது இந்தக் காலத்துக்குச் சரியோ, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் எடுத்தால் என்ன. டொக்டர் அங்கிளைக் கேட்டார்கள். அவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே நின்றவர், எங்கள் ஊர்க் கணக்கு ஒன்றும் அவருக்குத் தெரியாது.

“இல்லங்க, அந்த நோய் எச்சில்ல பரவுதுன்னு ஆதாரம் எதுவும் இல்ல. கப்பு விளிம்பத் துடைச்சுட்டுக் குடுத்தாப் போதும்,” என்றார்.

“எண்டாலும் டொக்டர், சனம் பயப்படுது.”

“எந்த சனம்?”

அம்மா எழுந்து எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். நான் படிக்கட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

மரத் தட்டுகள் வந்தன. வட்ட வட்டமாகத் துளைபோட்ட தட்டில் விரல் நுனி அளவு கண்ணாடிகள். நானும் அம்மாவும் சவர்க்கார நுரையில் கழுவித் துடைத்தோம். வெட்கத்தோடு சொல்லுகிறேன், எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது. பொம்மை வீட்டுச் சாமான் மாதிரி இருந்தன. ஒன்றில் தண்ணீர் விட்டுக் குடித்தும் பார்த்தேன். பிறகுதான் யோசனை வந்து அப்பாவிடம் கேட்டேன், அப்ப அந்தப் பொகீமியப் போதகர் எரிந்தது எதற்கு என்று.

“அது வேற, இது வேற,” என்றார். “இது சுகாதாரம்.”

அதே மேசையில் இருந்து அன்று அவர் எழுதிக்கொண்டிருந்தது சீர்திருத்தத் திருநாள் நாடகம். துறவி, மொழிபெயர்ப்பாளர், கடைசிக் காட்சியில் பொகீமியப் போதகர். அந்த வேடத்துக்குச் சிநேகிதியைத்தான் தெரிவு செய்தார். வேறு ஒருவருக்கும் அந்த நீள வசனம் வாயில் நுழையாது. தமிழ் உச்சரிப்பு என்று வந்தால் அப்பா எல்லாவற்றையும் மறந்துவிடுவார். எரிய வேறு ஒருத்தரும் விரும்பவில்லை என்பதும் உண்மை. உங்களில் மூன்று பேர் அழுதே மறுத்தீர்கள். நான் பாத்திரம் பறிக்கும் ஆயர். என் வசனம் ஒரே வரி. “சபிக்கப்பட்டவனே, இந்தப் பாத்திரத்துக்கு நீ பாத்திரவான் அல்ல!” கண்ணாடிக்கு முன் நின்று நாளுக்கு இருபது தரம் சொன்னேன்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு. ஜக்கரண்டா மரங்கள் பூத்து ஸ்டேஷன் வீதி முழுக்க ஊதா. வழமைக்கு மாறாக அன்றும் திருவிருந்து வைத்தார்கள். அப்பா எழுந்து, “டொக்டரின் ஆலோசனைப்படி இன்று முதல் தனித்தனிக் கண்ணாடிகள்” என்று அறிவித்தார். டொக்டர் அங்கிள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது, நேரமும் இருந்தது.

சிநேகிதியின் தகப்பன் முன்வரிசையிலிருந்து போய் முதலாவதாக முழங்காலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். பாத்திரம் பிடிக்கிற நீட்டு. போதகர் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து அந்த இரண்டு கைக்கும் நடுவில் வைத்தார்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு பின்னால் மேசையைப் பார்த்தார்.

“பாத்திரம் எங்க, ஐயா?”

மெதுவாகத்தான் கேட்டார். எல்லாருக்கும் கேட்டது. போதகர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா, “சுகாதாரத்துக்காக. பிறகு கதைப்பம்,” என்றார். அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை, காது மட்டும் சிவந்தது. கண்ணாடியில் இருந்ததைக் குடித்தார். கண்ணாடியைத் தட்டில் வைக்காமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டு கதிரைக்குத் திரும்பினார்.

நாடகம் தொடங்கமுன் மண்டபத்துக் குசினியில் எங்களுக்கு உடுப்பு மாட்டினார்கள். அப்பா அலுமாரியிலிருந்து வெள்ளிப் பாத்திரத்தை எடுத்து வந்தார். ஒத்திகையில் நாங்கள் பாவித்தது தகடு சுற்றிய பிளாஸ்டிக் கோப்பை.

“இனி இதுக்கு வேலையில்லை. நாடகத்துக்கே எடுங்கோ. பாக்கவும் நல்லா இருக்கும்,” என்றார்.

சிநேகிதி அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா போனதும் தேத்தண்ணீர் மேசையிலிருந்த சிவப்பு கோர்டியல் சர்பத்தை அதில் ஊற்றினாள்.

“அதென்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“சும்மா,” என்றாள். ஐந்து நிமிடத்துக்கு முன் தன் தகப்பனின் காது சிவந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

துறவி கடுதாசியை அடித்ததும் அட்டைக் கதவு பொத்தென்று விழுந்தது, எல்லாரும் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வசனத்தை மறந்து “சாரி” என்றார், அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவள் வந்தாள். நான் கீறிய பிசாசுத் தொப்பி தலையில். பாத்திரம் நெஞ்சோடு. ஒரு பிழையில்லாமல் முழு வசனத்தையும் சொன்னாள். மனச்சாட்சிக்கு விரோதமாக ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறமாட்டேன் என்று முடித்தபோது அப்பா உதட்டசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாத்திரத்துக்குக் கை நீட்டினேன்.

அவள் தரவில்லை.

நாடகத்தில் இது இல்லை. அவள் மேடையின் இரண்டு படியையும் இறங்கினாள். கோர்டியல் தளும்பிக் கம்பளத்தில் சொட்டியது. முன்வரிசைக்குப் போய்த் தகப்பனிடம் நீட்டினாள்.

“அப்பா, முதல்ல நீங்கள்.”

அவர் அவளைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கினார், ஓகஸ்டில் வாங்கிய மாதிரியே. குடித்தார். எங்கள் சபையில் குடித்தவர் பக்கத்தில் உள்ளவருக்குக் கொடுப்பதில்லை, போதகர்தான் கொண்டுபோவார். அவர் அன்று பக்கத்துக் கதிரைக்கு நீட்டினார். அது என் அம்மா. அம்மா மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே மேடையைப் பார்த்தார். அவர் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தார்.

அதற்குள் நானும் இறங்கி வந்து அவருக்கு முன்னால் நின்றேன். ஆயர் அல்லவா, பின்னாலேயே போக வேண்டும் என்று நினைத்தேன். அவர் பாத்திரத்தை அம்மா பக்கமிருந்து விலக்கி என் பக்கம் திருப்பினார்.

“குடி பிள்ளை,” என்றார்.

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. தாகத்தோடு வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கிற குரல். நெளிந்த விளிம்பு என் பக்கம் இருந்தது. என் வாழ்நாளில் அந்தப் பாத்திரம் என்னிடம் நீட்டப்பட்டது அதுதான் முதல் தடவை.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். சூடான சட்டியை நான் தொடப் போனால் ஆட்டுவாரே, அப்படி. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வரி. அதை உரத்துச் சொன்னேன். “சபிக்கப்பட்டவனே, இந்தப் பாத்திரத்துக்கு நீ பாத்திரவான் அல்ல!” சொல்லி, அவர் கையிலிருந்து பறித்தேன். மீதிக் கோர்டியல் அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நாடகம் என்று நினைத்துத் தட்டியவர்களும் இருந்தார்கள், நாடகம் என்று காட்டிக்கொள்ளத் தட்டியவர்களும் இருந்தார்கள். டொக்டர் அங்கிளின் கமரா மின்னியது. அந்தப் படம்தான் இது.

சிநேகிதி தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள், மடங்காமல், கவனமாக. தகப்பன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். வாசலில் நின்ற போதகரிடம் “போட்டு வாறம் ஐயா” என்று மரியாதையாகச் சொன்னார். யன்னலால் பார்த்தேன். இருவரும் ஊதாப் பூவை மிதித்துக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள். அவர் கைலேஞ்சியால் சட்டையைத் துடைத்தபடி போனார். பிறகு வரவில்லை.

“பிளாக்டவுனிலயிருந்து தூரம்தானே,” என்றார் அப்பா இரண்டு ஞாயிறு கழித்து. அதற்குமேல் அவர்களைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. ஆனால் நாடகம் நடந்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அம்மா பாத்திரத்தைக் கொதிதண்ணீரில் மூன்று தரம் கழுவினார். நாற்பது பேரின் வாய் பட்ட நாட்களில் ஒரு தரம்தான் கழுவுவார். எண்ணிப் பார்த்தவள் நான். சுகாதாரமாம்!

மறுநாள் தட்டில் கண்ணாடிகளை அடுக்கும்போது ஒரு துளை காலியாக இருந்தது. “ஒண்டு குறையுது,” என்று அம்மா வருடக்கணக்காக முறைப்பட்டார். அந்தத் துளை இன்றும் காலிதான். புதுக் கோயிலின் அலுமாரியில் போய்ப் பாருங்கள்.

பெரியவளான பிறகு அப்பாவிடம் கேட்டேன். குவேக்கர்ஸ் ஹில்லில் கட்டிய புது வீட்டின் வரவேற்பறையில், அவர் நோயில் விழுவதற்கு முந்திய வருடம்.

“சபையைக் காப்பாத்த வேணும். பாதிச் சனம் விட்டிட்டுப் போயிருக்கும்,” என்றார்.

“போகவேண்டியது ஆரெண்டு நீங்கள் தீர்மானிச்சிட்டியள்.”

“நான் அந்த மனுசனுக்குத் தீங்கு நினைக்கேல்ல.”

“எரிச்ச ஆயர்மாரும் அதைத்தான் சொல்லியிருப்பினம் அப்பா.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒக்டோபரும் எழுந்து நின்று மூன்று ஞாயிறும் கதை சொன்னார். கண் கலங்கினார். நான் மண்டபத்துக்கு வெளியே காருக்குள் இருந்து அழுதேன், ஆத்திரத்தில். அவருடைய செத்தவீட்டில் டொக்டர் அங்கிள் என் கையைப் பிடித்து, “அன்னைக்கே நான் எந்திரிச்சு சொல்லியிருக்கணும்மா,” என்றார். ஓம் அங்கிள், சொல்லியிருக்க வேணும் என்றேன். ஆறுதல் சொல்ல எனக்குக் கடமை இல்லை.

அவளை ஒருமுறை கண்டேன். பிளாக்டவுனில் மரக்கறிக் கடையில், இருவருக்கும் முப்பது வயதிருக்கும். அவள்தான் என்னை மட்டுக்கட்டிக் கூப்பிட்டாள். தாய் வந்து சேர்ந்தாராம், சுகமாம். தகப்பன் இறந்துவிட்டாராம்.

“அப்பா பிறகு ஒரு கோயிலுக்கும் போகேல்ல,” என்றாள். “அந்தச் சின்னக் கண்ணாடி அவற்ற கோட்டுப் பொக்கற்றில கிடந்தது. அம்மா இப்ப மருந்துக்குளிசை போட்டு வைக்கிறா.”

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். “நீ சின்னப்பிள்ளைதானே,” என்று சொல்லி என் முழங்கையைத் தொட்டுவிட்டு, முருங்கைக்காய்க் கட்டோடு போய்விட்டாள். நான் கேட்காத மன்னிப்பு அது. கேட்டிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருப்பேன்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்திக்கு வருகிறேன். விழா ஞாயிறன்று, அந்த ஒரு நாளைக்கு மட்டும், பழைய ஞாபகத்துக்காகத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வெள்ளிப் பாத்திரத்தை எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மினுக்கி வைத்தாயிற்றாம். சுகாதாரம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. முதற் செயலாளரின் மகள் என்பதால் முதல் ஆளாக நான்தான் குடிக்க வேண்டுமாம்.

மாட்டேன்.

படத்தைப் போடுவதென்றால் போடுங்கள், ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டு. எதிரே இருப்பவர் இந்தச் சபையின் அங்கத்தவர், அவரை வெளியே அனுப்பினோம் என்று கீழே எழுதுங்கள். பாத்திரத்தை முன்வரிசையில் அந்தக் கதிரைக்கு முன்னால் வையுங்கள், கதிரையில் ஒருவரையும் இருத்தாதீர்கள். நான் வருவேன், பின்வாங்கில் இருப்பேன். ஆனால் குடிக்க மாட்டேன். அது எனக்கு ஒருமுறை நீட்டப்பட்டது. “குடி பிள்ளை” என்றார். நான் குடிக்கவில்லை.